கத்தரிக்கோல் காத்திருக்கட்டும்

ஆன்மீக வாழ்வில் புதிதாக அடியெடுத்து வைப்பவருக்குச் சோம்பல் ஒன்றே பகை என்று பலர் எண்ணுகின்றனர். ஆர்வமும் சில வேளைகளில் பகையாகிவிடுவதுண்டு. இன்றோடு கோபத்தை விட்டேன், நாளை முதல் நான்கு மணிக்கு எழுவேன், இனி நாவின் சுவைக்கு இடமில்லை, வீண் பேச்சு இல்லை, பகல் உறக்கம் இல்லை என்று ஒரே மூச்சில் பத்து விரதங்களை ஏற்றுக்கொள்ளும் அன்பர், சில வாரங்களிலேயே முன்னிலும் தளர்ந்துபோய், 'இந்தப் பிறவியில் எனக்கு இது வாய்க்காது' என்று அமர்ந்துவிடுகிறார். அவருடைய நோக்கம் தூயது; முயற்சியும் உண்மையானது. பின் பிழை எங்கே நேர்ந்தது?

சாத்திரங்களில் இதற்கு விடை உண்டு. ஆயினும் கண்ணால் கண்டு உணர விரும்புவோர், ஜப்பானியர் சிறு தொட்டியில் வளர்க்கும் மேப்பிள் மரத்தின் அருகே சற்று அமர்ந்து பார்க்கலாம். காட்சிக்கு வைக்கப்படும் அழகிய மரத்தைவிட, தாறுமாறாக வளர்ந்துவிட்ட ஒரு மரமும், அதை முதன்முறையாகக் கையில் எடுத்துத் திருத்த முனையும் ஒருவருமே இதற்கு நல்ல ஆசிரியர்கள்.

தொட்டியில் ஒரு மரம்

'போன்' என்றால் தட்டுப் போன்ற ஆழமற்ற தொட்டி. 'சாய்' என்றால் நடுதல். போன்சாய் என்னும் இக்கலையின் வேர் சீனத்தில் உள்ளது. கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த, தாங் வம்ச இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு பாறைகளும் செடிகளும் அமைந்த தட்டை ஏந்திச் செல்லும் பணியாளரின் உருவத்தை இன்றும் காணலாம். பின்னர் ஜப்பானில் இக்கலை தனக்கென ஒரு வடிவம் பெற்றது.

மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்கும் கொடுமை இது என்று சிலர் வருந்துவதுண்டு. அந்த இரக்கம் நல்லதே. ஆனால் செய்தி சரியன்று. போன்சாய் மரத்திற்கு நாள்தோறும் நீர் வேண்டும்; பருவமறிந்து உரம் வேண்டும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய வேர்களைக் களைந்து புது மண் இடவேண்டும். தரையில் நிற்கும் மரத்தை மறந்துவிட்டு ஊருக்குப் போகலாம். தொட்டி மரத்தைக் கோடையில் இரண்டு நாள் மறந்தால் அது உயிரை விட்டுவிடும். அது குள்ளச் சாதியும் அன்று. அதன் விதையைத் தரையில் இட்டால் மற்ற மரங்களைப் போலவே ஓங்கி வளரும். அதன் சிறுமை எல்லாம் வளர்ப்பவரின் இடைவிடாத கவனத்தால் வந்தது.

மேப்பிள் மரங்களில் ஜப்பானியர் பெரிதும் போற்றுவது 'மொமிஜி' எனப்படும் வகை. விரித்த உள்ளங்கையைப் போன்ற இலை. வசந்தத்தில் இளஞ்சிவப்புத் துளிர், கோடையில் பசுமை, இலையுதிர் காலத்தில் செந்தழல் நிறம், குளிர்காலத்தில் ஓர் இலைகூட இல்லாத வெறுமை. இம்மரத்திற்குக் குளிர்கால உறக்கம் இன்றியமையாதது. அதனால் நம் நாட்டுச் சமவெளிகளின் வெப்பத்தில் அது செழிப்பதில்லை. இங்கே ஆலையும் அத்தி வகைகளையும் கொண்டே இக்கலையைப் பழகுகின்றனர். இமயமலைச் சரிவுகளிலோ மேப்பிள் இனத்தைச் சேர்ந்த மரங்கள் இயற்கையாகவே காடுகளில் வளர்கின்றன.

கோணல் எப்படி வந்தது?

கலை தெரிந்தவர் வேண்டாம் என்று ஒதுக்கிய மேப்பிள் ஒன்றை, புதியவர் ஒருவர் நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் நிலை என்ன? அடிமரம் நேராகக் கழிபோல் நிற்கிறது. அடியில் பருத்தும் மேலே மெலிந்தும் இருக்கவேண்டிய உடல், கீழிருந்து மேல்வரை ஒரே பருமனாக உள்ளது. பாதி உயரத்தில் ஒரே கணுவிலிருந்து நான்கு கிளைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலப் புறப்பட்டிருக்கின்றன. அவ்விடம் முண்டாக வீங்கிவிட்டது. உச்சியில் இரண்டு தலைகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கீழ்க்கிளை ஒன்று நூல்போல் மெலிந்து, மேற்கிளைகளின் நிழலில் ஏங்கி நிற்கிறது. மண்ணைச் சற்று விலக்கினால் ஒரு வேர் மற்றொன்றின்மேல் ஏறிச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது.

இவற்றில் எதையும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மேப்பிளின் மொட்டுகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே தோன்றுவது அதன் இயல்பு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் யாராவது கவனித்து, வேண்டியதை விட்டு வேண்டாததை நீக்கியிருந்தால் இந்நிலை வந்திராது. பார்ப்பார் இல்லாமல் பத்து ஆண்டுகள் கழிந்தன; அவ்வளவுதான் நடந்தது. மனிதரிடம் காணும் கோணல்களில் பெரும்பாலானவையும் இத்தகையவையே. தீயவனாக வேண்டும் என்று முடிவு செய்து கடுஞ்சொல் பேசக் கற்றவர் எவருமில்லை. சிறு வயதில் ஒருமுறை பேசியது பயன் தந்தது, மறுமுறையும் தந்தது, பிறகு அது கிளையாகிவிட்டது. சம்ஸ்காரம் என்று பெரியோர் சொல்வது இதைத்தான். இதை உணர்ந்தவர் தம்மையே வெறுத்துக்கொள்வதில் காலத்தை வீணாக்கமாட்டார். மரத்தின் மேல் கோபம் கொண்டு கத்தரிக்கோலை எடுப்பவரின் கையில் மரம் பிழைப்பதில்லை.

முதல் ஆண்டு பார்ப்பதற்கே

புதியவரின் கை பரபரக்கிறது. கண்ணில் படும் குற்றங்களையெல்லாம் ஒரே பிற்பகலில் வெட்டித் தள்ளி, வேரையும் அறுத்து, அழகிய தொட்டியில் நட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. அனுபவமுள்ள ஆசிரியர் அங்கிருந்தால் கத்தரிக்கோலை வாங்கித் தம் பையில் போட்டுக்கொள்வார். புது இடத்திற்கு வந்த மரம் முதலில் அந்த இடத்தின் வெயிலையும் காற்றையும் அறிய வேண்டும். அதன் உடல்நலம் எப்படி என்று வளர்ப்பவரும் அறிய வேண்டும். நலிந்த மரம் ஒரு பெரிய வெட்டைத் தாங்காது. வெட்டும் வேர் அறுப்பும் சேர்ந்து வந்தால் நலமான மரமே தள்ளாடும். ஆகவே முதல் ஆண்டு நீர் வார்ப்பதும் பார்ப்பதுமே வேலை.

பார்ப்பதற்குச் சிறந்த காலம் குளிர்காலம். கோடையில் இலைகள் எல்லாக் குற்றங்களையும் மறைத்துவிடுகின்றன. கோணல் மரமும் பச்சைப்பசேல் என்று கண்ணைக் கவர்கிறது. இலைகள் உதிர்ந்த பிறகே எந்தக் கிளை எங்கே பிறந்தது, எது எதன்மேல் சாய்கிறது, பழைய காயம் எங்கே மூடாமல் இருக்கிறது என்பது தெரியும். தோக்கியோவின் உவேனோவில் 1934 முதல் நடந்துவரும் கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி பிப்ரவரி மாதத்தில் கூட்டப்படுகிறது. மேப்பிள்கள் அங்கே இலையின்றியே வைக்கப்படுகின்றன. மறைக்க எதுவும் இல்லாதபோதும் நிற்கத் தகுந்த மரமா என்று பார்ப்பதே அங்கு வழக்கம்.

சாதகருக்கும் இலை உதிர்ந்த காலங்கள் வருகின்றன. புகழ் குறைகிறது, உடல் நோயுறுகிறது, பதவி போகிறது, சுற்றியிருந்தோர் விலகுகின்றனர். அதைத் துன்பம் என்று மட்டும் எண்ணி அடுத்த வசந்தத்திற்காக ஏங்குகிறோம். தன் கிளைகளைத் தானே பார்க்க அதைவிட நல்ல பருவம் கிடைக்காது என்பது பலருக்கும் பின்னரே புரிகிறது.

இந்தப் பார்வையில் ஒரு நுட்பம் உண்டு. கற்றவர் மரத்தைச் சுற்றி வந்து முதலில் தேடுவது குற்றங்களை அன்று, வைத்துக்கொள்ளத் தக்கதை. மண்ணைத் தூரிகையால் விலக்கி, தரைமேல் பரவும் வேர்களைப் பார்ப்பார். 'நெபாரி' எனப்படும் அவ்வேர்கள் எந்தப் பக்கத்தில் நன்றாக விரிந்திருக்கின்றனவோ, அடிமரத்தின் வளைவு எந்தப் பக்கத்தில் சற்றேனும் இனிமையாகத் தெரிகிறதோ, அதை மரத்தின் முகமாகக் கொள்வார். முகம் முடிவான பிறகுதான் எந்தக் கிளை குற்றம் என்ற கேள்விக்கே பொருள் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இடையூறாகத் தெரியும் கிளை, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் மரத்திற்கே ஆழம் தரும் பின்கிளையாக இருக்கக்கூடும். தன்னிடம் உள்ள நன்மை எது என்று அறியாமல் தன் குற்றங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர், வெட்டக்கூடாததை வெட்டிவிடுவார். பிறர் பேச்சைக் கேட்டு, தம்மிடமுள்ள கலகலப்பைக் குற்றமென்று கருதி, ஒருவரோடும் பேசாமல் முகத்தை இறுக்கிக்கொண்டு திரிவதைப் பக்குவம் என்று எண்ணியவர்கள் உண்டு. அந்தக் கலகலப்பே நோயாளி ஒருவரின் கட்டிலருகே அமர்ந்து சேவை செய்ய உதவியிருக்கும்.

முதல் வெட்டு

இரண்டாம் ஆண்டில் கத்தரிக்கோல் வெளியே வருகிறது. அப்போதும் ஒரு பருவத்திற்கு ஒரு பெரிய வேலை என்பதே விதி. சக்கர ஆரங்களாக நிற்கும் நான்கு கிளைகளில் முதலில் ஒன்று அல்லது இரண்டு போகும். மற்றது அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் எடுத்தால் அடிமரத்தைச் சுற்றிலும் காயம் சூழ்ந்து, மேலே செல்லும் சாற்றோட்டம் தடைப்படும். உச்சியில் போட்டியிடும் இரண்டு தலைகளில் பருமனானதை எடுத்து, மெலிந்ததைத் தலைமைக்கு வைப்பதே பெரும்பாலும் நல்லது; அடிமரம் மேலே செல்லச் செல்ல மெலிந்து தோன்ற அது உதவும். இங்கே பழகாத கை தயங்கும். தடித்த கிளை அழகாகத்தானே இருக்கிறது, இத்தனை ஆண்டு வளர்ந்ததாயிற்றே என்று தோன்றும். அந்தத் தயக்கத்தில்தான் பல மரங்கள் என்றும் திருந்தாமல் நின்றுவிடுகின்றன.

வெட்டும் காலமும் முக்கியம். குளிர்காலத்தின் இறுதியில், வேரிலிருந்து சாறு ஏறத் தொடங்கும் வேளையில் பெரிய கிளையை வெட்டினால், மேப்பிள் நாட்கணக்கில் சாறு வடிக்கும். இலை உதிர்ந்தவுடனோ, வசந்தத் துளிர்கள் முதிர்ந்து கெட்டியான பிறகோ செய்வது பாதுகாப்பு. முளையாக நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினால் அது காய்ந்து அழுகும். அதனால் சற்றுக் குழிவாக வெட்டும் கத்தரியைப் பயன்படுத்தி, காயத்தின்மேல் களிம்பு பூசுகின்றனர்.

மரத்தின் காயம் மனித உடலின் காயத்தைப்போல் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். காயம்பட்ட பகுதியை மரம் மீண்டும் புதிதாக்கிக்கொள்வதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் தடுத்துவிட்டு, அதன்மேல் புதிய கட்டையை வளர்க்கிறது. வெளியே பட்டை மூடி வழுவழுப்பாகிவிடும். உள்ளே அந்தப் பழைய காயம் மரம் உள்ளளவும் இருக்கும். மூடுவதும் களிம்பால் நடப்பதில்லை. மரம் வலுவாக வளர்ந்தால் சில ஆண்டுகளில் மூடும். வளராவிட்டால் திறந்தே கிடக்கும்.

செய்த தவற்றின் நினைவு முற்றிலும் அழிந்தால்தான் தூய்மை என்று எண்ணி வாடும் அன்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். நினைவு இருக்கும். அதைக் கிளறிக்கொண்டே இருந்தால் மூடாது. ஜபமும் சேவையும் நல்லோர் உறவும் புதிய கட்டையாக வளர்ந்து அதன்மேல் படியும்போது, பழைய காயம் உள்ளே இருந்தும் மரத்தைக் கெடுப்பதில்லை.

வெட்டிய பிறகு என்ன நடக்கிறது?

கத்தரிக்கோல் கையில் இருக்கும் நேரம் சில நிமிடங்களே. பழகாதவர் அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது.

மரத்தின் நுனி மொட்டில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உற்பத்தியாகிக் கீழிறங்கி வருகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரையில் கீழ்க்கணுக்களிலுள்ள மொட்டுகள் உறங்குகின்றன. நுனியை நீக்கிய இடத்தில் ஆக்சினை வைத்தால் கீழ்மொட்டுகள் அப்போதும் அடங்கியே இருப்பதைத் திமான், ஸ்கூக் என்னும் இரு ஆய்வாளர்கள் 1930-களில் சோதித்துக் காட்டினர். ஆகவே உச்சியை வெட்டினால் உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. வேரிலிருந்து வரும் சக்தி ஒரு துளியும் குறைவதில்லை. வேறு வழி தேடுகிறது. நலமான மேப்பிளில் பெரிய கிளையை எடுத்தால், சில வாரங்களில் அந்த வெட்டுவாயின் ஓரத்திலேயே ஐந்தாறு துளிர்கள் கொத்தாகக் கிளம்பும். பார்த்தவர், 'ஆகா, மரம் தழைக்கிறது' என்று மகிழ்ந்து விட்டுவைத்தால், அடுத்த ஆண்டு அங்கே முன்னிருந்ததைவிடப் பெரிய முண்டு உருவாகிவிடும். வெட்டியதே வீண்.

தன்னடக்கம் பற்றி நாம் அறியவேண்டியது பெரும்பாலும் இந்தக் கொத்துத் துளிரில் இருக்கிறது. நாவின் சுவையை ஒருவர் பலவந்தமாக நிறுத்துகிறார். சில நாட்களில் அவருக்கு எரிச்சல் மிகுகிறது. எரிச்சலை அடக்குகிறார், பிறர் குற்றம் பார்க்கும் கண் கூர்மையாகிறது. 'உண்ணாமலிருக்கும் நான்' என்ற பெருமிதம் வேறு முளைக்கிறது. முன்பு ஒரு கிளை இருந்த இடத்தில் இப்போது நான்கு. இதைக் கண்டு, 'விரதமே பொய்' என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். வெட்டில் தவறில்லை, வெட்டிய பிறகு அங்கே யாரும் பார்க்கவில்லை. மேப்பிளின் வெட்டுவாயில் எழும் துளிர்களை அவை நகத்தால் கிள்ளும் பருவத்திலேயே எடுத்துவிடலாம், காயம்கூடப் படாது. கட்டையான பிறகு மறுபடியும் கத்தரி வேண்டும்.

அதைவிட முக்கியமானது, திரும்பிய சக்தி போய்ச்சேர ஓர் இடம் இருக்கவேண்டும் என்பது. அடியில் ஏங்கிக்கொண்டிருந்த மெலிந்த கிளையை நினைவுகொள்ள வேண்டும். புதியவர் செய்யும் பெருந்தவறு, எல்லாக் கிளைகளையும் ஒரே அளவாகக் கத்தரித்து மரத்தை உருண்டையாக்குவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் மேலே வலிமை மிகுந்தே இருக்கும், கீழே நலிவு தொடரும். பழகியவர் மேலே அடிக்கடி கத்தரிப்பார். கீழ்க்கிளையின் நுனியைத் தொடவே மாட்டார். ஒரு பருவம், இரண்டு பருவம், அது தன் போக்கில் நீண்டு வளரட்டும் என்று விட்டுவிடுவார். கிளை பருமனாவது இலைகள் மிகுவதால்தான். அப்போது மரம் அலங்கோலமாகத் தெரியும். பார்க்க வருவோர் சிரிக்கவும் கூடும். வேண்டிய பருமன் வந்தபின் அதைக் குறுக்கி வெட்டுவார், எதிரெதிர் மொட்டுகள் இரண்டு விழிக்கும், இரண்டு நான்காகும். மூன்றாவதாக ஒன்று அதே கணுவில் வந்தால் மட்டும் எடுத்துவிடுவார்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி முனிவர் மனத்தை அடக்கும் வழியாக அப்யாசத்தையும் வைராக்கியத்தையும் சேர்த்தே கூறுகிறார். கீதையிலும் பகவான் அர்ஜுனனுக்கு இவ்விரண்டையே காட்டுகிறார். வியாசரின் உரை மனத்தை இரு திசைகளில் ஓடும் ஆறாகக் காண்கிறது: வைராக்கியம் பொருள்களின் பக்கம் ஓடும் ஓட்டத்திற்கு அணை, அப்யாசம் விவேகத்தின் பக்கம் ஓடும் ஓட்டத்திற்குத் திறப்பு. அணை மட்டும் கட்டித் திறப்பை மறந்தால் நீர் கரையை உடைக்கும். பதஞ்சலியே நான்காம் பாதத்தில் உழவனைக் காட்டுகிறார். உழவன் நீரைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. வரப்பில் தடையை நீக்குகிறான், நீர் தன் இயல்பால் பாய்கிறது. கத்தரிக்கோல் பிடித்தவர் ஓர் இலையைக்கூட உண்டாக்கியதில்லை. அதிகாலையில் பத்து நிமிடம் அமர்வது, ஒரு நல்ல நூலில் இரண்டு பக்கம் படிப்பது, வாரத்தில் ஒரு நாள் யாருக்காவது உழைப்பது என்று சாதகரிடம் கீழ்க்கிளையாக ஒன்று மெலிந்து கிடக்கும். அதை மற்றவர் சாதனையோடு ஒப்பிட்டுக் கிள்ளிக்கொண்டிராமல் வளரவிட வேண்டும்.

கம்பியும் பட்டினியும்

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றுவது வழக்கம். மேப்பிளின் பட்டை மென்மையானது. வளரும் பருவத்தில் கம்பி சில வாரங்களிலேயே பட்டைக்குள் பதிந்து, ஆண்டுகள் சென்றாலும் மறையாத திருகு தழும்பை விட்டுவிடும். எனவே கம்பி சுற்றத் தெரிவதைவிட, உரிய நாளில் வெட்டியெடுக்கத் தெரிவதே திறமை. தென்சீனத்தின் லிங்னான் மரபினர் கம்பியை நம்பாமல், வளரவிட்டு வெட்டுவது, மீண்டும் வளரவிட்டு வெட்டுவது என்ற முறையாலேயே கிளைகளுக்குத் திருப்பம் தருகின்றனர். குழந்தைகளுக்கு விதிமுறை வகுக்கும் பெற்றோர் இரண்டு முறைகளையும் அறிந்திருப்பது நல்லது.

கோடைத் தொடக்கத்தில் மேப்பிளின் இலைகளையெல்லாம் நீக்கிவிடும் பயிற்சி ஒன்றுண்டு. புதிய இலைகள் சிறியனவாகத் தோன்றும். கிளைகள் நுண்மையாகப் பிரியும். பார்த்தவர்க்கு ஆசை வரும். ஆனால் அது வடிவம் அமைந்த, முழு வலிமையுள்ள மரத்திற்கு மட்டுமே உரியது. திருத்தப்படும் மரத்திற்கும் நலிந்த மரத்திற்கும் அது கேடு. முதிர்ந்த தவசிகளின் உபவாசத்தைப் படித்துவிட்டு மறுநாளே தாமும் தொடங்குவோர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பற்றின்மை என்னும் வாளால் வேரூன்றிய அசுவத்த மரத்தையே வெட்டச் சொல்கிறதே கீதையின் பதினைந்தாம் அத்தியாயம், இங்கே கிளை திருத்தச் சொல்வது முரணன்றோ என்று சிலர் கேட்கலாம். அங்கே மரமாகக் கூறப்படுவது சம்சாரம். அதை வெட்டும் வாளை ஏந்த உறுதியான கை வேண்டும். அந்தக் கை சித்தசுத்தியால் வருவது. சித்தத்தைத் திருத்தும் வேலையே இங்கு சொல்லப்படுவது. தன் கோபத்தையே ஒரு நாள் நிறுத்த இயலாதவர் சம்சார விருட்சத்தின் வேரை நோக்கி வாளை ஓங்கினால், பெரும்பாலும் வீட்டாரின் மேல்தான் அது விழுகிறது. கடமைகளை உதறுவதைத் துறவு என்று மயங்கிய குடும்பங்களின் துயரம் எல்லா ஊர்களிலும் உண்டு.

திறந்த கதவு

1923-இல் கான்டோ பெருநிலநடுக்கம் தோக்கியோவைச் சிதைத்தபோது, அங்கு தொழில் செய்துவந்த போன்சாய் வளர்ப்போர் சிலர் நல்ல மண்ணும் நீரும் தேடி வடக்கே ஓமியாவுக்குச் சென்று, 1925-இல் ஒரு போன்சாய்க் கிராமத்தை அமைத்தனர். குடியேறுவோருக்கு அவர்கள் வகுத்த விதிகள் சுவையானவை: பத்து மரங்களேனும் வளர்க்க வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்கவேண்டும், மாடி கட்டக்கூடாது, வாயிற்கதவு வருவோர்க்குத் திறந்திருக்க வேண்டும். பக்கத்து மரத்தின்மேல் நிழல் விழக்கூடாது, தன் மரத்தைப் பிறர் பார்க்காமல் மறைக்கவும் கூடாது. சத்சங்கத்திற்கு இதைவிட நல்ல விதி வகுப்பது கடினம். தன் மரத்தின் கோணல் தன் கண்ணுக்குப் பழகிப்போய்விடும். திறந்த கதவின் வழியே வருபவர் முதல் பார்வையில் கண்டு சொல்லிவிடுவார். ஓமியா இன்று சைத்தாமா நகரின் பகுதி. 2010-இல் அங்கே போன்சாய்க்கெனப் பொது அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

இக்கலையில் ஒருவர் வாழ்நாளில் முடிவது குறைவு. ஹிரோஷிமாவில் யமாக்கி குடும்பத்தார் ஆறு தலைமுறையாக வளர்த்த வெள்ளைப் பைன் மரம் ஒன்று 1625 முதல் பயிற்றப்பட்டு வருவது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் இருந்து அது பிழைத்தது. 1976-இல் அக்குடும்பத்தின் மசாரு யமாக்கி அதை அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாகத் தந்தார். குண்டுக்குத் தப்பிய மரம் என்பதை அப்போது பெரிதுபடுத்தவில்லை. 2001-இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டனுக்கு வந்து பார்த்தபோதே அங்கிருந்தோர் அச்செய்தியை அறிந்தனர்.

இத்தனை பாடுபட்டு வளர்த்த மரத்தின் மேலேயே பற்று வந்துவிடாதா? வரும். தான் திருத்திய குணத்தின்மீது சாதகருக்கு வரும் பற்று, முன்பிருந்த குற்றத்தைவிடக் களைவதற்கு அரிது. இதை நன்கு உணர்ந்தவர்கள் போலும், 'ஹாச்சி நோ கி', அதாவது 'தொட்டி மரங்கள்' என்ற பழைய நோ நாடகத்தை இயற்றியவர்கள்.

சானோ என்னும் ஊரில் கென்சயெமோன் என்ற போர்வீரர், உறவினரிடம் நிலங்களை இழந்து வறுமையில் வாழ்கிறார். பனி கொட்டும் இரவில் யாத்திரைத் துறவி ஒருவர் தங்க இடம் கேட்கிறார். குடிசையின் எளிமைக்கு நாணி முதலில் மறுத்தவர், பின்னர் மனம் பொறாமல் ஓடிச்சென்று அழைத்து வருகிறார். உணவாகத் தினையே இருக்கிறது. நள்ளிரவில் குளிர் கடுமையாகிறது, விறகு இல்லை. செல்வம் இருந்த காலத்தில் சேர்த்த தொட்டி மரங்கள் பலவற்றையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு, மூன்றை மட்டும் அவர் வைத்திருந்தார்: ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன். துறவி தடுத்தும் கேளாமல் மூன்றையும் வெட்டி நெருப்பு மூட்டுகிறார். எந்தக் கிளை எப்படி வளர்ந்தது என்று அறிந்த அதே கை, ஒரு வழிப்போக்கரின் குளிருக்காக அடிமரத்தையே வெட்டுகிறது.

வந்தவர் 1246 முதல் 1256 வரை காமாக்கூராவில் ஆட்சிப் பொறுப்பை வகித்துப் பின் துறவியான ஹோஜோ டோக்கியோரி என்பது கென்சயெமோனுக்குத் தெரியாது. சில காலம் சென்று போர்வீரர்களுக்கு அழைப்பு வந்தபோது, கிழிந்த கவசமும் மெலிந்த குதிரையுமாக அவர் காமாக்கூராவுக்கு விரைகிறார். டோக்கியோரி அவரைக் கூட்டத்திலிருந்து அழைத்து, இழந்த சானோ நிலங்களைத் திருப்பித் தருகிறார். கூடவே மூன்று ஊர்களும்: பிளம்மின் பெயர் கொண்ட உமேதா, செர்ரியின் பெயர் கொண்ட சகுராய், பைனின் பெயர் கொண்ட மட்சுயிதா. கென்சயெமோன் பட்டயத்தைப் பெற்றுக்கொண்டு சானோவுக்குத் திரும்புகிறார்.